ரோலர் கோஸ்டரில் குழந்தைகள்: உயரம் சரியாக இருந்தால் மட்டும் போதுமா?

முல்லைக்கொடி:

வணக்கம். விடுமுறையில் குடும்பத்தோடு தீம் பார்க் போகிறோம். மகளுக்குப் பத்து வயது. மகனுக்கு ஐந்து முடிந்து ஆறு நடக்கிறது. உயரம் 110 சென்டிமீட்டர். அங்கே உள்ள குடும்ப ரோலர் கோஸ்டருக்குக் குறைந்தபட்ச உயரம் 107 என்று போட்டிருக்கிறார்கள்.

"அளவைத் தாண்டிவிட்டான், பிறகு என்ன பயம்?" என்கிறார் என் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. இவன் மிகவும் ஒல்லி. உட்கார்ந்த இடத்தில் இரண்டு நிமிடம் அடங்கி இருக்க மாட்டான். அந்த உயரக் கணக்கை எதை வைத்துப் போடுகிறார்கள்? பிள்ளை பத்திரமாக இருப்பான் என்று அது சொல்கிறதா, அல்லது வரிசையில் நிற்கலாம் என்று மட்டும் சொல்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். விபத்து வீடியோக்களை மட்டும் யாரும் போட வேண்டாம். போதுமான அளவு பார்த்துவிட்டேன்.

தடாகம்:

சகோதரி, இவ்வளவு பதற வேண்டியதில்லை. ரோலர் கோஸ்டர் பார்க்கப் பயங்கரமாக இருக்கும். பொறியியலைப் பார்த்தால் நம்பிக்கை வரும். பெட்டிகள் தண்டவாளத்தின் மேல் வெறுமனே ஓடுவதில்லை. மேலே ஒரு சக்கரம், பக்கவாட்டில் ஒன்று, தண்டவாளத்துக்கு அடியில் ஒன்று என மூன்று பக்கமும் கவ்விப் பிடித்திருக்கும். அந்த அடிச்சக்கரத்தை ஜான் மில்லர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கொண்டுவந்துவிட்டார். மேட்டில் ஏறும்போது 'டக் டக்' என்று சத்தம் கேட்கிறதே, அது பெட்டி பின்னால் உருளாமல் தடுக்கும் கொக்கி ஒவ்வொரு பல்லாகத் தாண்டி விழும் சத்தம். பிள்ளை அந்தச் சத்தத்துக்குப் பயந்தால் இதைச் சொல்லிக் கொடுங்கள், பயம் போய்விடும்.

பெட்டியைத் தலைகீழாகச் சுற்றவைக்கும் வளையமும் அப்படித்தான். நியூயார்க்கின் கோனி தீவில் 1895-இல் வந்த 'ஃபிளிப் ஃபிளாப்' முழு வட்ட வளையம். உள்ளே நுழைந்த கணத்திலேயே உடல் மீது பல மடங்கு எடை ஏறி, ஏறியவர்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். 1976-இல் கலிபோர்னியாவில் வந்த 'ரெவல்யூஷன்' கோஸ்டருக்கு வெர்னர் ஸ்டெங்கெல் கண்ணீர்த்துளி வடிவத்தில் வளையம் போட்டார். அந்த அதிர்ச்சி குறைந்தது. இவ்வளவு யோசித்துச் செய்தவர்கள் உயர அளவையும் யோசித்துத்தான் போட்டிருப்பார்கள். தைரியமாக அழைத்துப் போங்கள்.

பழைய ஆபரேட்டர்:

தடாகம் சொன்ன சக்கரமும் கொக்கியும் பெட்டியைத் தண்டவாளத்தில் வைத்திருக்கின்றன. பிள்ளையைப் பெட்டிக்குள் வைத்திருப்பது மடிக்கு மேல் இறங்கிப் பூட்டும் மடிக்கம்பி. சகோதரியின் கேள்வி இரண்டாவதைப் பற்றியது.

நான் ஒரு பூங்காவில் பல ஆண்டுகள் ரைடு இயக்கியவன். குடும்ப கோஸ்டர்கள் பலவற்றில் இரண்டு பேருக்குச் சேர்த்து ஒரே கம்பிதான். அப்பாவும் பிள்ளையும் ஏறி உட்காருவார்கள். கம்பியைக் கீழே அழுத்துவேன். அப்பாவின் தொடையில் பட்டதும் அது நின்றுவிடும். பூட்டு விழும். கட்டுப்பாட்டு மேசையில் பச்சை விளக்கு எரியும். பக்கத்தில் பிள்ளையைக் குனிந்து பார்த்தால், கம்பிக்கும் அவன் மடிக்கும் நடுவே என் கையை முஷ்டியாக மடக்கி நுழைக்கலாம். கம்பி பூட்டியிருப்பது இயந்திரத்துக்குத் தெரியும். அது பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்பது தெரியாது.

மேட்டைத் தாண்டிப் பெட்டி இறங்கும்போது உடல் இருக்கையை விட்டு எழும்பும். பெரியவரைக் கம்பி உடனே தடுத்துவிடும். பிள்ளையோ அந்த இடைவெளி அளவுக்கு எழும்பிய பிறகுதான் கம்பியில் முட்டும். வளைவில் பக்கவாட்டில் வழுக்கும். பயந்த பிள்ளை செய்வது இன்னும் மோசம்: இடுப்பை முன்னால் தள்ளிக் கால்வழியே கீழே சரியப் பார்க்கும். என் வேலையில் நான் மிகவும் பயந்தது அந்தச் சரிவுக்குத்தான்.

ஆகவே சகோதரி, உங்கள் மகனுக்குத் தனித்தனிக் கம்பி உள்ள ரைடைத் தேர்ந்தெடுங்கள். பொதுக்கம்பிதான் என்றால், பெரியவர்களில் தொடை மெலிந்தவர் அவன் பக்கத்தில் உட்காரட்டும். மடியில் பை, தண்ணீர்ப் புட்டி, தடித்த மேல்சட்டை எதுவும் வேண்டாம். கம்பி அவற்றின் மேல் நின்றுவிடும். பிள்ளையின் முதுகும் இடுப்பும் இருக்கையின் பின்புறத்தோடு ஒட்டிய பிறகுதான் கம்பியை இறக்க வேண்டும். இறக்கிவிட்டுப் பிள்ளையைச் சரிசெய்தால் இடைவெளி அப்படியே இருக்கும்.

திருகுமரை:

பழைய ஆபரேட்டர் சொன்னதுதான் இந்த இழையின் மையம். நான் இயந்திரப் பொறியாளன். தீம் பார்க் ரைடு என் துறை அல்ல, ஆனால் விபத்து அறிக்கைகளை விடாமல் படிக்கிறவன். முல்லைக்கொடி அம்மா வீடியோ வேண்டாம் என்றார். காரணங்களை மட்டும் சொல்கிறேன்.

2022 மார்ச்சில் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கையிலிருந்து விழுந்து இறந்தான். அது கோஸ்டர் அல்ல, உயரத்திலிருந்து விழும் கோபுர ரைடு. ஆனால் பாடம் ஒன்றே. அவன் இருக்கையின் சென்சாரைக் கையால் மாற்றியமைத்திருந்தார்கள். அதனால் தோள் மேல் இறங்கி உடலைப் பிடிக்கும் தோள்பூட்டு வழக்கத்தைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு திறந்திருந்தும் 'பூட்டியாகிவிட்டது' என்று விளக்கு எரிந்தது. சீட் பெல்ட் கிடையாது. அடுத்த ஆண்டு ஃபுளோரிடா மாநிலம் அத்தகைய உயர ரைடுகளுக்குப் பூட்டும் பெல்ட்டும் இரண்டும் வேண்டும் என்று சட்டம் போட்டது.

2021 செப்டம்பரில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஒரு ரைடில் ஆறு வயதுச் சிறுமி இறந்தது இதற்கு நேர் எதிர். அங்கே இயந்திரம் சரியாகவே எச்சரித்தது. குழந்தை பெல்ட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். எச்சரிக்கை எதற்காக என்று இயக்கியவர்களுக்குப் புரியவில்லை. அதை நீக்கிவிட்டு ரைடை விட்டுவிட்டார்கள்.

2015 ஜூனில் இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் 'ஸ்மைலர்' கோஸ்டரும் இப்படித்தான். தடத்தில் ஒரு காலிப் பெட்டித்தொடர் நின்றுபோயிருந்தது. அதனால் கணினி அடுத்த தொடரை நிறுத்தி வைத்தது. கணினிதான் தவறு செய்கிறது என்று நினைத்து ஊழியர்கள் அதை மீறி அனுப்பினார்கள். இரண்டு இளம்பெண்கள் ஆளுக்கொரு காலை இழந்தார்கள். நீதிமன்றம் நிறுவனத்துக்கு ஐம்பது லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. தனி ஊழியரைக் குறை சொல்லி முடித்துவிடவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்ற முறையே அங்கே இல்லை என்பதுதான் குற்றச்சாட்டு.

தடாகம் பாராட்டிய கொக்கி பற்றியும் ஒரு வார்த்தை. 1972 மே 30 அன்று லண்டன் பேட்டர்சீ பூங்காவில் மேட்டில் ஏறிக்கொண்டிருந்த பெட்டிகள் இழுவைக் கயிற்றிலிருந்து விடுபட்டுப் பின்னால் உருண்டன. தடுக்க வேண்டிய பின்னோட்டத் தடுப்பு தடுக்கவில்லை. ஐந்து குழந்தைகள் இறந்தார்கள். வடிவமைப்பு காகிதத்தில் நன்றாக இருக்கும். பராமரிப்பு தினசரி வேலை.

இப்போது உயரக் கணக்கு. பெரும்பாலும் 91, 107, 122, 137 சென்டிமீட்டர் என்று படிப்படியாகப் போடுவார்கள். 36, 42, 48, 54 அங்குலத்தை அப்படியே மாற்றிய எண்கள் இவை. இந்த உயரமுள்ள உடல் இந்த இருக்கையில் முதுகு ஒட்டி உட்காரும், கம்பி சரியான இடத்தில் படியும் என்பதற்கான தோராயமான கணக்கு இது. எடை, தொடைப் பருமன், சொன்னால் கேட்கும் பக்குவம் எதுவும் இதில் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் சராசரிப் பிள்ளை 107-ஐ எட்டுவது ஏறத்தாழ நாலரை வயதில். 122-ஐ எட்டுவது ஏழு வயதில். நாலரை வயதுப் பிள்ளையிடம் "கையை எடுக்காதே" என்று சொன்னால் எவ்வளவு நேரம் கேட்கும் என்பது பெற்றவர்களுக்குத் தெரியும்.

தடாகம்:

எல்லாம் உண்மைதான் ஐயா. ஆனால் நீங்கள் அடுக்கியவை உலகம் முழுவதும் அரை நூற்றாண்டில் நடந்த சில. இதே காலத்தில் எத்தனை கோடிக் குழந்தைகள் ஏறி இறங்கிச் சிரித்துக்கொண்டு வீடு திரும்பியிருப்பார்கள்? ஒரு தாய் ஏற்கெனவே கலங்கியிருக்கிறார். அவரிடம் இந்தப் பட்டியலைக் கொடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. பூங்காவுக்குக் காரில் போவதில் இருக்கும் ஆபத்தை யாராவது பேசுகிறார்களா?

மருதாணி:

தடாகம் அண்ணா, உங்கள் அக்கறை புரிகிறது. நான் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும் செவிலியர். மரணங்களை விட்டுவிட்டுக் காயங்களைப் பேசுவோம். அங்கேதான் பெற்றோர் செய்யக்கூடியது அதிகம்.

அமெரிக்காவில் ஒரு குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள் 1990 முதல் 2010 வரையான தரவைத் தொகுத்து 2013-இல் வெளியிட்டார்கள். ரைடுகளில் அடிபட்டு அவசர சிகிச்சைக்கு வந்த 18 வயதுக்கு உட்பட்டவர்கள் 92,885 பேர் என்பது அவர்கள் மதிப்பீடு; ஆண்டுக்குச் சராசரியாக 4,423. மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு அடிபட்டவர்கள் 1.5 சதவீதம் மட்டுமே. இந்த அளவில் தடாகம் அண்ணா சொல்வது சரி.

ஆனால் அந்த எண்ணிக்கை கோஸ்டரில் மட்டும் வந்தது அல்ல. வணிக வளாகங்களில் காசு போட்டால் ஆடும் சிறு குதிரையும் காரும் இருக்கின்றனவே, அவையும் அதில் அடக்கம். அவற்றில் அடிபட்ட குழந்தைகளில் முக்கால்வாசிப் பேர் விழுந்தோ மோதியோ அடிபட்டவர்கள். அங்கே பெல்ட் இருக்காது, இருந்தாலும் அறுந்திருக்கும். கீழே கல்தரை. பக்கத்தில் ஆபரேட்டர் கிடையாது. கோஸ்டருக்குப் பத்து முறை யோசிக்கும் பெற்றோர் இதில் பிள்ளையை உட்கார வைத்துவிட்டுக் கைப்பேசியைப் பார்க்கிறார்கள். என் கவலை அங்கேதான் அதிகம். மெதுவாக ஆடுகிறது என்பதால் பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள்.

அந்த ஆய்வில் அதிகம் அடிபட்ட பகுதி தலையும் கழுத்தும், 28 சதவீதம். சிறு பிள்ளையின் தலை உடலோடு ஒப்பிட்டால் பெரியது. கழுத்துத் தசைக்கு அவ்வளவு வலு இருக்காது. ரைடு முடிவில் பிரேக் பிடிக்கும்போது தலை முன்னால் வெட்டும். தலையை இருக்கையில் சாய்த்து, நேராகப் பார்த்தபடி இருக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் திரும்பி அம்மாவைப் பார்ப்பதுதான் பிள்ளைகள் வழக்கமாகச் செய்வது. கழுத்துக்கு அது நல்லதல்ல.

டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள் சிலருக்குக் கழுத்தின் மேல் எலும்புகளின் மூட்டு தளர்ந்திருக்கும். இதயக் கோளாறு, அண்மையில் எலும்பு முறிவு அல்லது அறுவை சிகிச்சை இருந்தாலும் சரி, முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். வாசலில் இருக்கும் பலகையைப் படித்து முடிவெடுக்கும் விஷயம் அல்ல அது.

நெய்தல்:

வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன். நாங்கள் போன ஒரு பூங்காவில் என் கண் முன்னாலேயே ஒருவர் பிள்ளையைக் கால்விரலில் எம்பி நிற்க வைத்தார். செருப்புக்குள் அட்டையை மடித்து வைத்ததை அவர் மனைவியே சொல்லிச் சிரித்தார். அளவெடுத்த ஊழியர் பார்த்தும் பாராததுபோல் விட்டுவிட்டார். பின்னால் நீண்ட வரிசை. இந்த இரண்டு சென்டிமீட்டரை ஏமாற்றி யாரை வென்றுவிட்டோம்? பிள்ளைக்குத் தெரிந்ததெல்லாம் அப்பா சொன்னால் சரி என்பதுதான்.

இன்னொன்று. வரிசையில் நிற்கும்போதே பல பிள்ளைகள் "வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறார்கள். "இவ்வளவு நேரம் நின்றாகிவிட்டது, ஆம்பளைப் பிள்ளை அழலாமா" என்று உள்ளே தள்ளுகிறோம். பழைய ஆபரேட்டர் சொன்ன அந்தச் சரிவு, பயந்த பிள்ளைதானே செய்யும்? ஆகவே 'வேண்டாம்' என்ற சொல்லையும் பாதுகாப்புக் கணக்கில் சேர்க்க வேண்டும். எவ்வளவு காசு கொடுத்திருந்தாலும் சரி.

என் மகள் ஏறும் இடத்துக்கு வந்த பிறகு முகம் வெளுத்து என் கையை இறுக்கினாள். அந்த ஊழியப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. எதிர்ப்பக்கக் கதவைத் திறந்துவிட்டாள், அவ்வளவுதான். அப்படி ஏறாமலே வெளியேறும் வழி பல ரைடுகளில் இருக்கிறது. அதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

தடாகம்:

நெய்தல், அந்த அட்டைக் கதை எனக்கும் கோபம் வரவைக்கிறது. மருதாணி, காசு போட்டால் ஆடும் குதிரையைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். கம்பியையும் இடைவெளியையும் பெற்றோர் பார்க்கலாம். பூங்காவின் பராமரிப்பை நாம் எப்படிப் பார்ப்பது? டிக்கெட் வாங்கியவருக்குப் பராமரிப்புப் பதிவேட்டைக் காட்டுவார்களா?

திருகுமரை:

காட்ட மாட்டார்கள். ஆனால் கண் நமக்கும் இருக்கிறது. 2023 ஜூன் கடைசியில் அமெரிக்காவின் கேரோவின்ட்ஸ் பூங்காவில் 'ஃபியூரி 325' கோஸ்டரைத் தாங்கும் தூண் ஒன்றில் விரிசல் இருந்ததைக் கண்டு வீடியோ எடுத்துச் சொன்னவர் சாதாரணப் பார்வையாளர். பெட்டி கடக்கும்போது தூணின் மேல்பகுதி விலகி அசைந்தது கண்ணுக்கே தெரிந்தது. பூங்கா ரைடை மூடிவிட்டுத் தூணை மாற்றியது.

நீங்கள் பார்க்கக்கூடியது வேறு. ஏறுவதற்கு முன் இரண்டு மூன்று சுற்று நின்று பாருங்கள். ஊழியர் ஒவ்வொரு கம்பியையும் கையால் அழுத்தி, பிறகு மேலே இழுத்துப் பார்க்கிறாரா? நடந்துகொண்டே கண்ணால் மட்டும் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்துகிறாரா? ஒரு பெட்டியின் கம்பி இரண்டு மூன்று முறை அழுத்தினால்தான் பிடிக்கிறதா? கயிறு கட்டி ஒட்டுப்போட்ட பெல்ட் கண்ணில் படுகிறதா? இதில் ஒன்று சரியில்லை என்றாலும் நான் என் பிள்ளையை ஏற்ற மாட்டேன்.

சட்டத்தை முழுதாக நம்பவும் முடியாது. அமெரிக்காவிலேயே 1981 முதல் நிரந்தரப் பூங்கா ரைடுகள் மத்திய நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் அதிகாரத்துக்கு வெளியே இருக்கின்றன. ஊர் ஊராகப் போகும் திருவிழா ரைடுகள் மட்டுமே அதன்கீழ் வருகின்றன. நிரந்தர ரைடுகளின் கண்காணிப்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

முல்லைக்கொடி:

எல்லோருக்கும் நன்றி. தடாகம் அண்ணா, பட்டியல் என்னைக் கலங்க வைக்கவில்லை. காரணம் தெரியாதபோதுதான் கலக்கம் இருந்தது. கணவரும் நேற்று இரவு முழு இழையையும் படித்தார். "முதலில் நான் அதில் தனியாக ஏறி வருகிறேன், அது பொதுக்கம்பியா தனிக்கம்பியா என்று பார்த்துவிட்டுப் பேசலாம்" என்றார். எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

பழைய ஆபரேட்டர் ஐயாவிடம் இன்னும் சில கேள்விகள். ஏறுவதாக முடிவானால் எந்தப் பெட்டி நல்லது? நாங்கள் எந்தப் பக்கம் உட்கார வேண்டும்? கம்பி பூட்டிய பிறகு இடைவெளி தெரிந்தால் என்ன செய்வது? பாதியில் அவன் அழுதால்?

பழைய ஆபரேட்டர்:

நடுப்பெட்டி. கடைசிப் பெட்டியை இறக்கத்தில் முன்பெட்டிகள் வெடுக்கென்று இழுக்கும். பிள்ளை அதிகம் எழும்புவது அங்கேதான். முதல் பெட்டியில் பள்ளம் நேராகக் கண்ணில் தெரியும், பயம் கூடும்.

சுழலும் ரைடு என்றால், அல்லது எப்போதும் ஒரே பக்கம் வளையும் ரைடு என்றால், பெரியவர் வெளிப்பக்கம், பிள்ளை உள்பக்கம். வேகத்தில் உடல் வெளிப்பக்கம் தள்ளப்படும். இடம் மாறி உட்கார்ந்தால் உங்கள் எடை முழுவதும் பிள்ளையை நசுக்கும். இரு பக்கமும் மாறி மாறி வளையும் கோஸ்டரில் இது அவ்வளவு முக்கியமில்லை. ஊழியர் சொல்லும் பக்கம் உட்காருங்கள்.

இடைவெளி தெரிந்தால் கையை உயர்த்தி, "நிறுத்துங்கள், பிள்ளைக்குக் கம்பி படியவில்லை" என்று உரக்கச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம். பெட்டி நகரும்வரை அதை நிறுத்துவது ஆபரேட்டருக்கு ஒரு பொத்தான் வேலை. வரிசையில் இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். கம்பியை மறுபடி திறந்து பிள்ளையை ஒட்டி உட்கார வைத்தும் சரியாகவில்லை என்றால் இறங்கிவிடுங்கள்.

கிளம்பிய பிறகு அழுதால் நீங்கள் செய்யக்கூடாதது ஒன்று: அவனைத் தூக்கி மடியில் வைக்கவோ உங்கள் பக்கம் இழுக்கவோ பார்க்காதீர்கள். இழுத்தால் கம்பியின் பிடியிலிருந்து நீங்களே அவனை விடுவிக்கிறீர்கள். உங்களுக்கு அருகில் உள்ள அவன் தொடையின் மேல் ஒரு கையை அழுத்தி வையுங்கள். "சாய்ந்து உட்கார், கம்பியைப் பிடி" என்று அவன் காதில் விழும்படி திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். குடும்ப கோஸ்டர் பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். மேட்டின் நடுவில் பெட்டி நின்றுபோனாலும் எழுந்திருக்காதீர்கள், கம்பியைத் தளர்த்தப் பார்க்காதீர்கள். படிக்கட்டு வழியாக ஊழியர் வந்து ஒவ்வொருவராக இறக்குவார்.

மகளும் ஏறுவாள் என்றால், பல பூங்காக்களில் பெற்றோர் மாறி மாறி ஏறும் வசதி உண்டு. ஒருவர் மகனோடு வெளியே நிற்பார், மற்றவர் மகளோடு ஏறிவிட்டு வருவார். பிறகு வெளியே நின்றவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏறலாம். நுழைவிடத்தில் இருக்கும் ஊழியரிடம் வரிசையில் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். உள்ளே போன பிறகு கேட்டால் தராமல் போகலாம்.